ஆடித் தள்ளுபடில வாங்குன கிரைண்டரும் பில் கேட்டா மொறைச்ச கடையும்: ஒரு வருஷம் கழிச்சு எழுதுற ரிவ்யூ

மதுரைக்குத் தெக்க ஒரு சின்ன டவுன் எங்களது. அங்க பஜார்ல இருக்குற வீட்டு உபயோகப் பொருள் கடை பத்தின ரிவ்யூ இது. ரெண்டு மாடிக் கடை, கீழ எவர்சில்வர் பாத்திரம், மேல மிக்சி கிரைண்டர் குக்கர் ஃபேன். கடை பேர போட மாட்டேன். எங்க பிரச்சனை முடிஞ்சு போச்சு, ஓனர் அவர் பக்கம் சில விஷயத்த மாத்திக்கிட்டும் இருக்காரு, இப்பப் போய் பேரப் போட்டா பாதி மட்டும் படிச்சிட்டு ஒரு ஸ்டார் தட்டிட்டுப் போறவங்கதான் வருவாங்க. ஆனா நடந்தத நடந்தபடி எழுதுறேன், இந்தக் கடை மாதிரி எல்லா ஊர்லயும் நாலு கடை இருக்கு.

2024 ஆடி மாசம். அம்மாவோட பழைய கிரைண்டர் இருபது வருஷம் ஒழைச்சுட்டு நின்னு போச்சு, டேபிள் டாப் 2 லிட்டர் சாய்க்குற மாடல் ஒண்ணு வாங்கலாம்னு போனோம். வாசல்லயே பெரிய பேனர், எம்ஆர்பி விலையில 20 சதவீதம் தள்ளுபடின்னு. மேல இருந்த தம்பி நல்லா பேசுனான், குறை சொல்லக் கூடாது, நாலு மாடல எடுத்து வச்சு ஓட்டிக் காமிச்சான், எதுல சத்தம் கம்மி, எதுல டிரம்ம கழட்டிக் கழுவ ஈசின்னு பொறுமையா சொன்னான். அம்மாவுக்கு ஒண்ணு புடிச்சுப் போச்சு. பெட்டில எம்ஆர்பி 7,250, பக்கத்துலயே எல்லா வரியும் உட்படன்னு அச்சடிச்சிருக்கு. 20 சதவீதம் போனா 5,800. சரி போட்டுரு தம்பின்னு சொன்னேன்.

அங்கதான் ஆரம்பிச்சது. "அக்கா 5,500-க்கே எடுத்துக்கோங்க, எஸ்டிமேட் சீட்டு போட்டுத் தாரேன், கம்பெனி வாரண்டி கார்டு உள்ள இருக்கு, பில் வேணும்னா 5,800, அதுக்கு மேல ஜிஎஸ்டி 18 பர்சன்ட் வரும்"ன்னான். கால்குலேட்டர்ல தட்டியும் காமிச்சான், 6,844. எஸ்டிமேட்டுக்கும் பில்லுக்கும் ஆயிரத்து முன்னூத்துச் சொச்சம் வித்தியாசம். எங்கம்மா என் கையக் கிள்ளுறாங்க, சீட்டே போதும்டி, தெரிஞ்ச கடைதானன்னு. பின்னாடி நின்ன ஒரு அண்ணன் வேற, பில்லுன்னா கவர்ன்மெண்டுக்கு எதுக்கும்மா தண்டம் கட்டுறேன்னு சொல்றாரு.

இதுல ரெண்டு தப்பு இருக்கு, ரெண்டும் நெறைய பேருக்குத் தெரியாம ஓடிக்கிட்டு இருக்கு, அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன். எம்ஆர்பின்னாலே வரி எல்லாம் உள்ள அடங்குன விலை. எம்ஆர்பில இருந்து 20 சதவீதம் தள்ளுபடின்னு வாசல்ல எழுதிட்டு, உள்ள வந்ததும் தள்ளுபடி விலைக்கு மேல வரி போட்டா அது 20 சதவீதம் தள்ளுபடியே கெடையாது, அஞ்சாறு சதவீதம்தான். இதே மாதிரி, தள்ளுபடி போட்ட விலைக்கு மேல ஜிஎஸ்டிக்கு முன்னாடி இருந்த வாட் வரி வாங்குன ஒரு கேஸ்ல அது முறையற்ற வணிகம்னு தேசிய நுகர்வோர் ஆணையமே 2017-ல சொல்லியிருக்கு. ரெண்டாவது, பில் குடுக்குறது கடைக்காரர் நமக்குப் பண்ற உதவி இல்ல, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல பில் தராம இருக்குறதையே முறையற்ற வணிக நடைமுறைன்னு தனியா எழுதி வச்சிருக்காங்க. அந்தச் சட்டம் 2020 ஜூலை 20-ல இருந்து அமல்ல இருக்கு. ஜிஎஸ்டி பதிவு பண்ண கடைன்னா 200 ரூபாய்க்குக் கீழ உள்ள சில்லறை வியாபாரத்துக்கு மட்டும்தான் தனித்தனியா பில் போடாம இருக்கலாம், கிரைண்டர்லாம் அதுல வராது.

நான் சத்தம் போடல. பேனர் இருக்கு, பெட்டில விலை இருக்கு, 5,800 தாரேன், பில் போட்டுத் தாங்கன்னு மட்டும் சொன்னேன். தம்பி மொறைச்சிட்டு கீழ போயி கல்லாவுல யாருகிட்டயோ பேசிட்டு வந்து பில் போட்டுக் குடுத்தான். வாரண்டி கார்டுல கடை சீலும் தேதியும் கேட்டேன், அப்பறம் வந்து போட்டுக்கோங்கன்னான், இல்ல இப்பவே வேணும்னு நின்னு வாங்குனேன். சீல் இல்லாத வாரண்டி கார்ட வச்சுக்கிட்டு அலைஞ்சவங்கள நான் பாத்துருக்கேன். கடைசியா ஒண்ணு, கூகுள்ல 5 ஸ்டார் போட்டுக் காமிச்சா ஒரு டம்ளர் செட்டு ஃப்ரீன்னாங்க. வேணாம்னுட்டேன். காசுக்கு வாங்குன ரிவ்யூவ வெளியிடக் கூடாதுன்னு இந்திய தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பர்ல ஆன்லைன் ரிவ்யூக்குன்னே ஐஎஸ் 19000-ன்னு ஒரு தரம் கொண்டு வந்திருக்காங்க. அத விடுங்க, டம்ளருக்காக நான் போடுற ஸ்டார நம்பி இன்னொருத்தர் அவரு காசக் கொண்டு வந்து போடுவாரே, அது எனக்கு மனசுக்கு ஒத்து வரல.

கிரைண்டர் 18 நாள் நல்லா ஓடுச்சு. மாவு பொங்கி வந்துச்சு, அம்மாவுக்கு சந்தோஷம். 19-ஆம் நாள் மறுநாள் பையன் பிறந்தநாளுக்குன்னு அரைச்ச மாவு சாம்பல் கலர்ல இருக்கு. டிரம்ம தூக்கிப் பாத்தா நடுவுல ஷாஃப்ட் வர்ற எடத்துல இருந்து கருப்பா தண்ணி கசியுது, அந்தக் கருப்பு மாவுல ஏறியிருக்கு. அவ்வளவு மாவையும் கொட்டுனோம். கொட்டுறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணேன், வீடியோ எடுத்தேன், ஒரு சின்ன டப்பால கொஞ்சம் மாவு எடுத்து ஃப்ரிட்ஜ்ல வச்சேன், பில்லையும் வாரண்டி கார்டையும் போட்டோ எடுத்து வச்சேன் (பில் தாள்ல எழுத்து போகப் போக வெளுத்துப் போகலாம், இது எல்லாருக்கும் சொல்றேன், வாங்குன அன்னைக்கே போட்டோ எடுத்துருங்க).

கடைக்குக் கொண்டு போனேன். பில்லுக்கு அடியில "விற்ற பொருள் எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்பட மாட்டாது" அப்படின்னு இருக்கறத தம்பி விரல் வச்சுக் காமிச்சான். அப்பறம் கம்பெனி சர்வீஸ் சென்டர் 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கு, அங்க கொண்டு போங்கக்கான்னான். அப்பறம் நீங்க ஓவர்லோடு போட்டுருப்பீங்கன்னான். முக்கால் கிலோ அரிசி தம்பி, புஸ்தகத்துல இருக்குற அளவு தான்னு சொன்னேன். ரெண்டு நாள் கழிச்சு திரும்பப் போனேன், அதே பதில். எனக்கு அன்னைக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு, காசு ஒரு பக்கம், அந்த மாவ எம்புள்ளைக்கு ஊத்திக் குடுத்துருப்பேனே, லைட் சரியா இல்லாத சமையல்கட்டா இருந்திருந்தா கலர் தெரிஞ்சிருக்குமான்னு.

அந்த "திரும்பப் பெற மாட்டாது" வரிய பத்தி சொல்லணும். எல்லாக் கடை பில்லுலயும் இருக்கு, அத பாத்ததும் நாம வாய மூடிக்கிட்டு வந்துடுறோம். பழுதான பொருளுக்கு அந்த வரி செல்லாது. பில்லுல எத்தனை நாளுக்குள்ளன்னு போட்டிருக்கோ அதுக்குள்ள, ஒண்ணும் போடலன்னா 30 நாளுக்குள்ள, பழுதான பொருள திரும்ப எடுத்துக்கிட்டு காசக் குடுக்க மறுத்தா அதுவும் முறையற்ற வணிகம்னு அதே 2019 சட்டத்துல இருக்கு. ஆனா பழுதான பொருள்ங்கறத அழுத்திச் சொல்றேன். கலர் புடிக்கல, மாமியார் வேற வாங்கிட்டாங்க, பக்கத்துக் கடையில 200 கம்மிங்கறதெல்லாம் பழுது இல்ல. அதுக்கு மாத்திக் குடுத்தா அது கடைக்காரரோட நல்ல மனசு, நம்ம உரிமை இல்ல. இந்த வித்தியாசம் தெரியாம கவுண்டர்ல கத்துறவங்களயும் அதே கடையில நான் பாத்தேன், அன்னைக்கு அந்தத் தம்பி மேல எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு.

சரி, நான் 1915-க்கு ஃபோன் போட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண், காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம், மொத்தம் 17 மொழி இருக்கு. காலைல 8-ல இருந்து ராத்திரி 8 வரைக்கும். ஒரு பொண்ணு எடுத்தாங்க, பில் நம்பர், தேதி, கடை, கம்பெனி, என்ன பழுது, எனக்கு என்ன வேணும்னு வரிசையா கேட்டு எழுதிக்கிட்டாங்க, புகார் நம்பர் எஸ்எம்எஸ்ல வந்துச்சு. ஒண்ண தெளிவா சொன்னாங்க, நாங்க கோர்ட் இல்ல, உத்தரவு போட முடியாது, கம்பெனிக்கு அனுப்பி பேசி முடிக்கப் பாப்போம், முடியலன்னா நீங்க நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்னு. அப்படி வெளிப்படையா சொன்னது எனக்குப் புடிச்சது. நாலு நாள்ல கம்பெனி சர்வீஸ் ஆள் வீட்டுக்கே வந்துட்டாரு. 40 கிலோமீட்டர் தள்ளி இருக்குற சென்டருக்கு கொண்டு போங்கன்னு சொன்னாங்களே, அதே சென்டர்ல இருந்து.

வந்தவரு நல்ல மனுஷன். கழட்டிப் பாத்துட்டு, ஷாஃப்ட்ல தண்ணி கசியாம அடைக்குற சீல் சரியா உக்காரலம்மா, இது நீங்க பண்ணது இல்ல, பெட்டிலயே இப்படித்தான் வந்துருக்குன்னு சொன்னாரு. அத சர்வீஸ் சீட்டுலயே எழுதிக் குடுங்கண்ணேன்னு கேட்டேன், கொஞ்சம் யோசிச்சாரு, எழுதிக் குடுத்துட்டாரு. சீல் மாத்தித் தாரேன்னாரு. நான் வேணாம்னேன், மாத்தி வேற பீஸ்தான் வேணும்னேன். இங்க நியாயமா ஒரு விஷயம் சொல்லணும். வாரண்டி கார்ட நல்லா படிச்சா, பழுது வந்தா சரி பண்ணித் தருவோம்னுதான் இருக்கும், உடனே புதுசு தருவோம்னு இருக்காது. ஆணையத்துக்குப் போனாலும் சரி பண்ணிக் குடுக்கச் சொல்லலாம், மாத்திக் குடுக்கச் சொல்லலாம், காசத் திருப்பித் தரச் சொல்லலாம், எதுன்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. புதுசுதான் வேணும்னு நான் நின்னதுக்கு காரணம் வாங்கி 19 நாள், சாப்பாட்டுல கலந்த அழுக்கு, திரும்பக் குடுக்குற 30 நாளுக்குள்ள நான் ரெண்டு தடவ போயிருக்கேன். ஒண்ணரை வருஷம் கழிச்சு பெல்ட் லூசாகி இருந்தா புதுசு கேட்டுருக்க மாட்டேன், கேக்கவும் கூடாது.

அப்பறம் கடைக்கு ஒரு லெட்டர் எழுதுனேன். வக்கீல் எல்லாம் இல்ல, ஒரு பக்கம், வெள்ளப் பேப்பர்ல கையால. பில் நம்பர், தேதி, என்னைக்கு பழுதாச்சு, என்னென்ன தேதியில கடைக்கு வந்தேன், சர்வீஸ் ஆள் என்ன எழுதியிருக்காரு, 15 நாளுக்குள்ள மாத்தித் தாங்க இல்ல காசத் திருப்பித் தாங்க. சர்வீஸ் சீட்டோட ஜெராக்ஸ வச்சு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புனேன், ரசீத பில்லோட சேத்து பின் பண்ணி வச்சேன். திட்டல, மிரட்டல, ஆளு வச்சு பாத்துக்குவேன்னு எழுதல. நெறைய பேரு கோவத்துல எழுதுற லெட்டர்தான் பின்னாடி அவங்களுக்கே எதிரா நிக்கும்.

அது முடியலன்னா மாவட்ட ஆணையம் போறதுன்னு நெனச்சு விசாரிச்சும் வச்சிருந்தேன், உபயோகமா இருக்கும்னு எழுதுறேன். நாம குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா புகாருக்குக் கட்டணமே கெடையாது. 50 லட்சம் வரைக்கும் மாவட்ட ஆணையம், அதுக்கு மேல 2 கோடி வரைக்கும் மாநில ஆணையம், அதுக்கும் மேல தேசிய ஆணையம். நாமளே நின்னு பேசலாம், வக்கீல் கட்டாயம் இல்ல. பொருள எங்க வாங்கியிருந்தாலும் நாம குடியிருக்குற இல்ல வேலை பாக்குற ஊர்லயே போடலாம், ஆன்லைன்ல வாங்கி ஏமாந்தவங்களுக்கு இது பெரிய விஷயம், பெங்களூரு கம்பெனிக்காக பெங்களூரு போக வேண்டியதில்ல. பிரச்சனை ஆரம்பிச்சதுல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். ஆன்லைன்லயும் போடலாம், 2025 ஜனவரில இருந்து அதுக்கு இ-ஜாக்ரிதின்னு தளம் இருக்கு. சோதனைச்சாலைக்கு அனுப்பத் தேவையில்லாத கேஸ்னா 3 மாசத்துல முடிக்கப் பாக்கணும்னு சட்டத்துல இருக்கு, நடைமுறைல அதுக்கு மேல இழுக்கும், அந்தப் பொறுமையோடதான் போகணும். 5,800 ரூபாய் கிரைண்டருக்கு 10 லட்சம் நஷ்ட ஈடு கேக்குறதெல்லாம் வேண்டாம். உண்மையா என்ன நஷ்டமோ, எவ்வளவு அலைஞ்சோமோ அத கேக்கணும்.

லெட்டர் போன மூணாம் நாள் ஓனரே ஃபோன் பண்ணாரு. அறுபது வயசு தாண்டியிருக்கும். "ஏம்மா, லெட்டர் எல்லாம் எதுக்கு, நேர்ல வந்து சொல்லியிருக்கலாம்ல"ன்னாரு. வந்தேங்கய்யா, ரெண்டு தடவ வந்தேன், தேதி லெட்டர்ல இருக்கு பாருங்கன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. கண் ஆபரேஷன் பண்ணிட்டு ஒரு மாசமா கடைப் பக்கம் வரலையாம், தம்பி யாருகிட்டயும் சொல்லல. மறுநாள் கிரைண்டரத் தூக்கிட்டு வாங்கன்னாரு.

போனேன். புதுப் பீஸ என் கண்ணு முன்னாடியே தண்ணி ஊத்தி பத்து நிமிஷம் ஓட்டி, டிரம்ம தூக்கி அடியில கை வச்சுத் தடவிக் காமிச்சாரு, ஈரம் இல்ல. பழைய பில்லுலயே மாத்திக் குடுத்த தேதியும் புது சீரியல் நம்பரும் எழுதி கையெழுத்து போட்டாரு. கேக்காமலே பண்ணாரு அத. எனக்கு கோவம் பாதி அங்கயே போயிருச்சு.

அப்பறம் டீ வாங்கிக் குடுத்து அவரு பக்கத்த சொன்னாரு, அத நான் முழுசா எழுதியே ஆகணும். கடைக்குப் பின்னாடி ஒரு ரேக்க காமிச்சாரு, பதினோரு மிக்சி, நாலு குக்கர், ரெண்டு கிரைண்டர், எல்லாம் கஸ்டமர் திரும்பக் குடுத்தது. அவரு மாத்திக் குடுத்துட்டாரு, டிஸ்ட்ரிபியூட்டர் எடுக்க மாட்டேங்குறான், எடுத்தாலும் காசு வர ஆறு மாசம் ஆகுது. அதுல ஒரு மிக்சி ஜார் அடி கருகிப் போயிருக்கு, மோட்டார் எரிஞ்ச வாடை இன்னும் அடிக்குது, கல்யாண வீட்டுக்கு மூணு நாள் விடாம அரைச்சிட்டு ஓடவே இல்லன்னு கொண்டு வந்து வச்சிருக்காங்க. இன்னொருத்தர் ஆன்லைன்ல வாங்குன குக்கர இங்க கொண்டு வந்து இங்கதான் வாங்குனேன்னு சண்ட போட்டாராம், பில் இல்ல. எஸ்டிமேட் சீட்டு வியாபாரம் பண்ணுனதுனால இவராலயும் இல்லன்னு நிரூபிக்க முடியல. பில் போட்டிருந்தா அவரையே அது காப்பாத்தியிருக்கும்ல, அத அவர்கிட்டயே சொன்னேன். ஆமாம்மான்னு தலையாட்டுனாரு.

இதுல எனக்கு அன்னைக்கு வரைக்கும் புரியாத ஒண்ணு என்னன்னா, நான் கடை மேல கேஸ் போட முடியும், ஆனா அவரு டிஸ்ட்ரிபியூட்டர் மேல நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. திரும்ப விக்கிறதுக்காக வாங்குறவங்க சட்டப்படி நுகர்வோர் கெடையாது. அவரு சிவில் கோர்ட்டுக்குப் போகணும், 5,000 ரூபா மிக்சிக்கு யாரு போவா. கம்பெனி பண்ணுன தப்ப தூக்கிச் சுமக்குறது பஜார்ல இருக்குற சின்னக் கடைதான். அதனால புகார் குடுக்கும்போது கடை மேல மட்டும் போடாம தயாரிப்பு கம்பெனியையும் சேத்துப் போடுங்க. கடைக்காரருக்கும் அது நல்லது.

அவருக்கு இன்னொண்ணும் சொன்னேன், ஏன்னா எங்க ஊர்லயே இதுல மாட்டுனவங்க உண்டு. ஆணையத்துல இருந்து நோட்டீஸ் வந்தா சில கடைக்காரங்க தூக்கி டிராயர்ல போட்டுடுறாங்க. 30 நாளுக்குள்ள பதில் குடுக்கணும், கேட்டா இன்னும் 15 நாள் தருவாங்க, அந்த 45 நாளுக்கு மேல ஒரு நாள் கூட நீட்ட முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்ல சொல்லிருச்சு. பதில் குடுக்கலன்னா அவங்க பக்கம் நியாயமே இருந்தாலும் கேக்காம தீர்ப்பு வந்துரும். வந்த உத்தரவ மதிக்கலன்னா ஜெயில் வரைக்கும் போகும், ஒரு மாசத்துல இருந்து மூணு வருஷம், இல்லன்னா குறைஞ்சது 25,000 அபராதம். அவருக்கு இது எதுவுமே தெரியல. நாப்பது வருஷமா கடை வச்சிருக்காரு, அந்த "திரும்பப் பெற மாட்டாது" வரி கூட அவரு போடச் சொன்னது இல்லையாம், பிரஸ்ல பில் புக் அடிக்கும்போது அவங்களே போட்டு விடுறதாம். நானும் பில்லப் பாத்தா அது ஏதோ சட்டம்னு நெனச்ச காலம் உண்டு.

இதோட முடிஞ்சிருக்கும், ஆனா எங்க பக்கத்து வீட்டு மதினி கதை பாக்கி இருக்கு. அவங்க அதே ஆடில, அதே கடையில, அதே மாடல் 5,500-க்கு எஸ்டிமேட் சீட்டுல வாங்குனாங்க. அவங்க வீட்ல மாவு அரைச்சு விக்கிறவங்க, புருஷன் தவறுனப்பறம் ரெண்டு பிள்ளைங்கள அதுலதான் படிக்க வைக்கிறாங்க. ஒரு நாளைக்கு ஆறு தடவ ஓடும் அந்த கிரைண்டர். அஞ்சாவது மாசம் மோட்டார் போச்சு. நீதான் பேசி வாங்குனியே, எனக்கும் பேசிக் குடுன்னு வந்தாங்க. சர்வீஸ்காரங்க கிட்ட வீட்டுக்குத்தான் அரைக்கிறேன்னு சொல்லிட்டேன், நீயும் அதையே சொல்லுன்னாங்க.

நான் மாட்டேன்னுட்டேன். ரெண்டு நாள் எங்கூட பேசல. எனக்கும் தூக்கம் வரல, ஏன்னா அவங்க கஷ்டம் தெரியும். சட்டத்துல அவங்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கு, சொந்த ஒழைப்புல பொழப்பு நடத்துறதுக்காக மட்டும் வாங்குன பொருளா இருந்தா வியாபாரத்துக்குப் பயன்படுத்துனாலும் அவங்க நுகர்வோர்தான். ஆனா வாரண்டி கார்டுல வீட்டு உபயோகத்துக்கு மட்டும்னு தெளிவா அச்சடிச்சிருக்கு, இந்த மெஷின் அந்த வேலைக்கு செஞ்சது இல்ல. நுகர்வோர்ங்கறதுனால பொய் சொல்லலாம்னு ஆகாதுல்ல. நாம ஒரு பொய்ய சொல்லி ஒரு மோட்டார் வாங்குனா, அடுத்து நெசமாவே பழுதான மெஷின தூக்கிட்டு வர்றவங்கள அந்தக் கடையில யாரு நம்புவா, என்னைய ஓவர்லோடுன்னு சொன்ன மாதிரிதான சொல்வாங்க.

மூணாம் நாள் மதினியே வந்தாங்க, ரெண்டு பேரும் சேந்து போயி ஓனர்கிட்ட உள்ளத சொன்னோம். பில் இல்ல, ஆனா சீட்டும் அன்னைக்கு தேதியில யுபிஐ போட்ட மெசேஜும் இருந்துச்சு, அவரும் ஞாபகம் வச்சிருந்தாரு (பில் இல்லாதவங்க மொத்தமா கைய விட்டுறாதீங்க, பணம் போன ரெக்கார்டும் ஆதாரம்தான், ஆனா பில் மாதிரி வராது). கம்பெனி வாரண்டி தர மாட்டாங்கம்மா, உண்மைய சொன்னதுக்கு நான் ஒண்ணு பண்றேன், மோட்டார் அடக்க விலைக்குப் போட்டுத் தாரேன், கூலி வேணாம், ஆனா இத வச்சு வியாபாரம் பண்ணாதீங்க, திரும்பப் போயிரும்னாரு. ரெண்டு மாசம் கழிச்சு கடை வேலைக்குன்னே இருக்குற பெரிய கிரைண்டர் தவணையில எடுத்தாங்க, இந்தத் தடவ பில்லோட.

கொஞ்ச நாள்ல மதினி கிட்டயே ஒருத்தங்க புகார் சொன்னாங்க. ஒரு கிலோ மாவுன்னு வாங்குன பாக்கெட் வீட்ல எடை போட்டா 900 கிராம்தான் இருக்குன்னு. மதினி ஏமாத்துறவங்க இல்ல, சத்தியமா சொல்வேன், செம்புக் கணக்குல ஊத்திக்கிட்டு இருந்தாங்க, மாவு பொங்குன பொங்குல அளவு மாறிப் போகும். ஆனா வாங்குனவங்களுக்கு 100 கிராம் நஷ்டம் நஷ்டம்தான. வந்தவங்ககிட்ட மன்னிப்பு கேட்டு ஒரு பாக்கெட் சேத்துக் குடுத்துட்டு, மறுநாளே எலக்ட்ரானிக் தராசு வாங்குனாங்க. தராசுக்கு தொழிலாளர் துறையில எடையளவுப் பிரிவுல வருஷம் ஒரு தடவ முத்திரை போடணும்ங்கறதும் அப்பதான் தெரியும் எங்களுக்கு. உணவுப் பாதுகாப்புப் பதிவும் ஆன்லைன்ல எடுத்தோம், வருஷத்துக்கு 12 லட்சத்துக்குள்ள வியாபாரம்னா பதிவு மட்டும் போதும்னு இருந்துச்சு, நாங்க கட்டுனது வருஷத்துக்கு 100 ரூபாய். 14 இலக்க நம்பர் வந்துச்சு. இப்ப பாக்கெட்ல எடை, அரைச்ச தேதி, விலை, அந்த நம்பர், ஃபோன் நம்பர் எல்லாம் ஸ்டிக்கரா ஒட்டுறாங்க. பழைய கஸ்டமர் ஒருத்தர் கூட போகல, பக்கத்து ஸ்கூல் கேன்டீன்ல புதுசா கேட்டுருக்காங்க.

சரி, கடைக்கு என்னோட மார்க்.

பொருள்: நல்லா இருக்கு. மாத்திக் குடுத்த கிரைண்டர் ஒரு வருஷம் தாண்டி ஓடுது, ஒரு சொட்டு கசியல, சத்தம் கம்மி, டிரம் கழுவ ஈசி. இட்லி மாவுக்கு முக்கால் மணி நேரம் எடுக்கும், மெது வடைக்கு உளுந்து பஞ்சு மாதிரி வரும். விலை பேனர்ல போட்டது கெடச்சா நியாயம், கெடைக்க வைக்கணும். விக்கிற வரைக்கும் பொறுமையா பேசுறாங்க, திரும்பக் கொண்டு வந்தா மொகம் மாறிருது, ஓனர் இருந்தா மட்டும் வேற கடையா ஆயிருது. அதுதான் இந்தக் கடையோட பெரிய குறை, கல்லாவுல யாரு இருந்தாலும் ஒரே பதில் வரணும். வேலைக்கு வச்சிருக்குற பிள்ளைங்களுக்கு ஒரு நாள் உக்கார வச்சு எது பழுது, எது மாத்தணும், யாருகிட்ட சொல்லணும்னு சொல்லிக் குடுத்தா போதும். அந்தத் தம்பி கெட்டவன் இல்ல, அவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல.

மாறுனது என்னன்னா, புது பில் புக்குல அந்தப் பழைய வரிய எடுத்துட்டு "பழுதான பொருளை பில்லுடன் 30 நாட்களுக்குள் கொண்டு வரவும்"ன்னு போட்டிருக்காரு. கல்லாவுக்குப் பின்னாடி 1915 நம்பரும் கடை ஓனர் நம்பரும் பெருசா எழுதி ஒட்டியிருக்காரு, அந்த ரெண்டையும் ஒண்ணா ஒரு கடையில நான் வேற எங்கயும் பாத்ததில்ல. டம்ளர் செட்டு வெளையாட்டையும் நிறுத்திட்டாங்க.

மாறாதது எஸ்டிமேட் புக். போன வாரம் ஒரு குக்கர் கேஸ்கெட் வாங்கப் போனேன், அந்தப் புக்கு இன்னும் கல்லா மேல கெடக்கு, எனக்கு முன்னாடி நின்ன பெரியவர் ஒருத்தர் ஃபேனுக்கு சீட்டு வாங்கிட்டுப் போறாரு. பில் கேளுங்கய்யான்னு சொன்னேன், வேணாம்த்தா 150 ரூபா கம்மின்னுட்டாரு. ஓனர் என்னப் பாத்து, பாத்தியாம்மா நான் என்ன பண்றதுங்குறாரு. நீங்க சீட்டு இல்லன்னு சொன்னா அவரு பில்லு தான வாங்குவாருன்னேன். பொங்கலுக்குள்ள அந்தப் புக்க எடுத்துடுறேன்னு சொல்லியிருக்காரு. இப்போதைக்கு 5-க்கு 3.5. பொங்கல் கழிச்சு போயிப் பாத்துட்டு இத மாத்தி எழுதுறேன்.